சோடா விற்றார், சிரிக்க வைத்தார், ஜெயிலுக்கும் போனார்!
கையில் காசு தங்காத நாகர்கோவில் கலைவாணர் கதை

இனயம்:
"நாகர்கோவில் மணிமேடை கிட்ட ஒரு சிலை நிக்குதே, அது ஆரு அண்ணாச்சி?"

இனயம் கடற்கரையில் வலை பிரித்துக் கொண்டிருந்த ஒரு வாலிபர் கேட்ட கேள்வி இது. பக்கத்தில் இருந்த பெரியவருக்குக் கோபம் வந்து விட்டது. "என்.எஸ்.கே.வை தெரியாதாடே?" என்று ஒரு அதட்டல் போட்டார்.

தெரியாதவர்களுக்காக இந்தக் கதை.

1908 நவம்பர் 29-ந்தேதி நாகர்கோவில் ஒழுகினசேரியில் ஏழை வீட்டில் பிறந்தவர் என்.எஸ்.கிருஷ்ணன். படிப்பு அதிகம் இல்லை. டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டினார். நாடகக் கொட்டகையில் சோடா விற்றார். விற்கப் போன பையன் மேடை ஏறி விட்டான்!

டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக் குழுவில் நடித்தார். 1935-ல் "மேனகா", மறு வருஷம் "சதி லீலாவதி" என்று சினிமாவில் புகுந்தார். தன் காமெடியைத் தானே தயார் செய்து, தனிக் குழுவோடு நடித்துக் கொடுத்தார். கூட நடித்த டி.ஏ.மதுரத்தை மணந்தார். ஏற்கனவே கல்யாணம் ஆன சங்கதி மதுரத்துக்குப் பிறகுதான் தெரிந்ததாம்!

கொலை வழக்கு

பணம் கொட்டிய நேரத்தில் இடி விழுந்தது. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் பத்திரிகை ஆசிரியர் லட்சுமிகாந்தன் குத்திக் கொல்லப்பட்டார். தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைது! 1945-ல் இருவருக்கும் ஆயுள் தண்டனை.

மதுரம் சும்மா இருக்கவில்லை. நாடக சபாவை நடத்தினார். "பைத்தியக்காரன்" படத்தை எடுக்க ஆரம்பித்தார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1947 ஏப்ரலில் இருவருமே விடுதலை. வெளியே வந்த கிருஷ்ணன் அதே படத்தில் நடித்தார்!

பாகவதர் பழைய இடத்தைப் பிடிக்க முடியவில்லை. கிருஷ்ணனோ 1949-ல் "நல்லதம்பி"யில் மறுபடி சிரிக்க வைத்தார். கதை வசனம் அண்ணா. அதில் நந்தனார் கதையைத் திருப்பிப் போட்டு "கிந்தனார்" காலட்சேபம் செய்தார். தாழ்த்தப்பட்ட பையன் கோவிலுக்கு அல்ல, படிக்கப் போகிறான்!

எதிரிக்குப் பாராட்டு

1957 தேர்தலில் காஞ்சீபுரத்தில் அண்ணாவுக்காக மேடை ஏறியவர், எதிர்த்து நின்ற டாக்டரையே புகழ்ந்து தள்ளினாராம். கூட்டம் திகைத்தது. கடைசியில் போட்டார் ஒரு போடு: இவ்வளவு நல்ல டாக்டரை சென்னைக்கு அனுப்பி விட்டால் உங்களுக்கு வைத்தியம் பார்ப்பது யார்? அவர் இங்கேயே இருக்கட்டும், அண்ணாவை சட்டசபைக்கு அனுப்புங்கள் என்றாராம். அண்ணா ஜெயித்தார்.

கேட்டவனுக்கு எல்லாம் கொடுத்த கை அது. பொய் சொல்லிக் கேட்கிறான் என்று தெரிந்தும் கொடுத்தார் என்பார்கள். அதே 1957 ஆகஸ்டு 30-ந்தேதி அவர் கண்ணை மூடியபோது வயது 48. சேர்த்த சொத்து என்று பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை.

சென்னை தியாகராயநகரில் அவர் சிலையை 1969 பொங்கலன்று அண்ணா திறந்தார். உடல்நிலை மோசமான நேரம். அடுத்த மாதம் 3-ந்தேதி அண்ணாவும் போய் விட்டார்.

கதை முடிந்ததும் வாலிபர் கேட்டார்: "இவ்வளவு சம்பாதிச்சும் ஒண்ணும் வைக்கலியா?"

பெரியவர் வலையை உதறினார். "கொடுத்துட்டாருல்லா. அதுக்குத்தாம்டே சிலை!"