சம்பளமில்லாத வேலையில் என்ன இலாபம்?

2024 ஜனவரியில் வற் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமானபோது, பற்றுச்சீட்டு போடும் மென்பொருளைப் பல கடைகளில் திருத்த வேண்டி வந்தது. ஓரிடத்தைத் திருத்தினால் இன்னோரிடம் பிழைக்கும். விற்பனைக் கணக்கு சரியாக இருக்கும், திரும்பி வந்த சாமானின் கணக்கு பிழைத்துவிடும். ஒவ்வொரு முறையும் ஆள் வைத்துச் சோதித்துக் கட்டுபடியாகாது. கணினியே சோதிக்க வேண்டும்.

இணையவழி மென்பொருள்களை அப்படிச் சோதிக்கும் கருவிதான் செலீனியம். 2004இல் சிக்காகோவில், தோட்வேர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹகின்ஸ் தொடங்கியது. இலவசம், மூலநிரலை எவரும் எடுத்துத் திருத்தலாம். உலகெங்குமுள்ள தொண்டர்கள் அதை வளர்க்கிறார்கள்.

“என் மகனும் அதில்தான் இருக்கிறான். சம்பளமில்லை. என்ன இலாபம்?” என்று புறக்கோட்டைத் துணி வியாபாரி ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நம்மிடம் கடன் கேட்டு வருபவரின் பழைய கொடுக்கல் வாங்கலை விசாரிக்கிறோமல்லவா? இங்கே செய்த வேலையெல்லாம் பெயரோடும் திகதியோடும் பகிரங்கமாக இருக்கும். வேலை கொடுப்பவருக்குச் சான்றிதழைவிட அது அதிகம் சொல்லும் என்பது என் எண்ணம்.

உங்கள் பிள்ளை தொடங்குவதானால் முதல் நாளே நிரல் எழுதப் போக வேண்டாம். யாரோ முறையிட்ட பிழையொன்றைத் தன் கணினியில் மீண்டும் வரவைத்துப் பார்க்கட்டும். எந்த உலாவி, எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது பிழைத்தது என்று எழுதி அனுப்பட்டும். திருத்துபவருக்குப் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். அடுத்து, கைநூலில் விளங்காத வரிகளைத் திருத்தலாம். நிரல் அதற்குப் பிறகு. அனுப்பியதைக் குறை சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். ரோசப்பட்டால் அத்தோடு சரி. வாரத்தில் நாலைந்து மணித்தியாலம் போதும், கடையையும் பார்த்துக்கொள்ளலாம்.