சங்கம் யாருடையது? – பெண்கள் அமைப்புகளின் நிர்வாகம் பற்றி ஒரு விளக்கம்

கல்குடாப் பகுதிக் கிராமங்களில் மாதர் சங்கக் கூட்டங்களுக்குச் செல்லும்போது நாம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "இந்தச் சங்கம் யாருடையது?" ஒருவர் பிரதேச செயலகத்துடையது என்பார். இன்னொருவர் நிதி கொடுத்த நிறுவனத்தின் பெயரைச் சொல்வார். "பாதருடைய சங்கம்" என்று சொல்பவர்களும் உண்டு. "எங்களுடையது" என்ற பதில் அரிதாகவே வரும்.

இது விளையாட்டுக் கேள்வி அல்ல. 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின்னர் எமது கரையோரத்தில் பல சங்கங்கள் தோன்றின. திட்டம் முடிந்ததும் அவற்றுட் பல தாமும் முடிந்துவிட்டன. தொடங்கியவர் போனதும் கலைந்துபோகும் சங்கம், உறுப்பினர்களின் சொந்தச் சங்கமாக ஒருபோதும் இருந்ததில்லை என்றே சொல்லவேண்டும். எனவே, நாடு தழுவிய பெண்கள் அமைப்பொன்று எவ்வாறு கட்டப்படுகிறது, அதிகாரம் எங்கிருந்து எங்கே செல்கிறது என்பதை எமது சகோதரிகள் அறிந்திருப்பது நல்லது.

கிராமத்திலிருந்து தொடங்கிய அமைப்பு

எமது நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் லங்கா மகிளா சமிதி. கனடாவிற் பிறந்து, மருத்துவராக 1896இல் இலங்கைக்கு வந்து, தமிழர் ஒருவரை மணந்த மேரி இரத்தினம் அம்மையார் 1930இல் இதனை ஆரம்பித்தார். கனடாவில் 1897இல் விவசாயக் குடும்பப் பெண்களுக்காகத் தொடங்கப்பட்ட மாதர் கழகங்களே அவருக்கு முன்மாதிரியாக இருந்தன. சுகாதாரம், போசாக்கு, கைப்பணி, வீட்டுத்தோட்டம் ஆகியவற்றைக் கிராமப் பெண்கள் கூடிக் கற்றார்கள். அம்மையாரின் பொதுச்சேவைக்காக 1958இல் மக்சேசே விருது வழங்கப்பட்டது.

இந்த அமைப்பின் அடித்தளம் கிராமச் சமிதி. கிராமச் சமிதிகளை இணைப்பதற்கே மத்திய சபை. 1941இல் இதில் சேர்ந்த திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்க, பொருளாளராகவும் உபதலைவியாகவும் பணியாற்றிப் பின்னர் தலைவியானார். 1960இல் உலகின் முதற் பெண் பிரதமராக வருவதற்கு முன்னரே, கிராமப் பெண்களின் தேவைகளை அவர் அங்கு அறிந்துகொண்டார்.

மூன்று பொறுப்புகள்

எந்த அமைப்பிலும் மூன்று பொறுப்புகளை வேறுபடுத்தி அறியவேண்டும். முதலாவது பொதுச்சபை. சந்தா செலுத்தும் உறுப்பினர் அனைவரும் இதில் அடங்குவர். யாப்பை ஏற்பதும் திருத்துவதும், நிர்வாக சபையைத் தெரிவதும், ஆண்டுக் கணக்கை ஏற்பதும் மறுப்பதும் இதன் உரிமை. இரண்டாவது நிர்வாக சபை. கொள்கை வகுப்பதும், நிதியைப் பாதுகாப்பதும், ஊழியரை மேற்பார்வை செய்வதும் இதன் கடமை. மூன்றாவது ஊழியர். தீர்மானிக்கப்பட்டதை நடைமுறைப்படுத்துவது இவர்களது வேலை.

இந்த மூன்றும் ஒருவர் கையிற் சேரும்போதுதான் கெடுதி தொடங்குகிறது. காசோலையில் ஒப்பமிடுபவரே கணக்கையும் எழுதி, அதனைத் தாமே பரிசோதித்தும் கொண்டால், அவர் எவ்வளவு நல்லவராயினும் சந்தேகம் எழும்.

அகமதாபாத்தில் எலா பட் அவர்கள் 1972இல் ஆரம்பித்த 'சேவா' அமைப்பையும் இங்கு குறிப்பிடலாம். கூலிவேலை, தெருவியாபாரம், வீட்டிலிருந்து செய்யும் தொழில் ஆகியவற்றில் ஈடுபடும் ஏழைப் பெண்களின் தொழிற்சங்கம் இது. ஒவ்வொரு தொழிலைச் சேர்ந்த உறுப்பினரும் தமது பிரதிநிதிகளைத் தெரிகிறார்கள். அப்பிரதிநிதிகள் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை செயற்குழுவைத் தெரிகிறார்கள். வாசிக்கத் தெரியாத பெண்ணும் வாக்களிக்கிறாள், பிரதிநிதியாகவும் வரமுடிகிறது.

பயனாளியா, உறுப்பினரா?

சட்டம் பல வழிகளை வைத்திருக்கிறது. எமது கிராமத்து மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் பிரதேச செயலகத்தின் ஊடாகப் பதிவு பெறுகின்றன. தொண்டு நிறுவனங்கள் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பதியப்படுகின்றன. வேறு சில, 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின் கீழ், இலாபம் பங்கிடாத உத்தரவாதக் கம்பனிகளாக அமைகின்றன. அத்தகைய கம்பனியில் சட்டப்படியான உறுப்பினர் ஒரு சிலராகவே இருக்கலாம். நூறு கிராமங்களில் வேலை செய்தாலும் கிராமப் பெண்கள் அங்கு பயனாளிகள் மாத்திரமே, வாக்குரிமை அவர்களுக்கு இல்லை. அத்தகைய நிறுவனமும் நற்பணி செய்யக்கூடும். ஆனால் எதிற் சேர்கிறோம் என்பதைத் தெரிந்தே சேரவேண்டும்.

நுண்கடன் குழுக்களில் இந்த வேறுபாடு மிகக் கூர்மையாகத் தெரிகிறது. பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்று ஒப்பமிடுகிறார்கள். வட்டியைத் தீர்மானிக்கும் மேசையில் அவர்களுக்கு இடமில்லை. கட்டமுடியாதபோது அயலவளே அயலவளின் வாசலில் நிற்கவேண்டியிருக்கிறது. அதனைச் சங்கம் என்று அழைப்பது பொருந்தாது.

திருச்சபையின் போதனை

பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் 1931இல் வெளியிட்ட சமூகச் சுற்றுமடலில் ஒரு முக்கியமான கோட்பாட்டை எடுத்துரைத்தார். சிறிய அமைப்பு தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளக் கூடாது. அதனால் இயலாத இடத்திலே மாத்திரம் துணை நிற்கவேண்டும். மத்திய சபைக்கும் கிராமச் சங்கத்துக்கும் இடையிலான உறவுக்கு இதைவிடத் தெளிவான விதி தேவையில்லை.

இது எமக்கும் பொருந்தும். நாமும் பல சங்கங்களுக்குப் போசகராக இருந்திருக்கிறோம். தலைவி பேசவேண்டிய இடத்தில் நாம் பேசினோம், யாப்பையும் நாமே எழுதிக் கொடுத்தோம். வேலை விரைவாக முடிந்தது. ஆனால் மாற்றலாகிப் போனபின் திரும்பி வந்து பார்த்தபோது, பூட்டிய அலுமாரியும் செல்லரித்த அறிக்கைப் புத்தகமுமே எஞ்சியிருந்தன. அன்பினால் செய்ததும் அவர்களது உரிமையை எடுத்துவிட்டது.

கரைவலையின் இரு பக்கக் கயிறும் ஒத்து வந்தாற்றான் மீன் கரை சேரும். கிராமத்திலிருந்து மேலே அதிகாரம் செல்லவேண்டும். மேலேயிருந்து கிராமத்துக்குக் கணக்கு வரவேண்டும். ஒன்று தளர்ந்தாலும் வலை வெறுமையாகும்.

அடுத்த கூட்டத்திற் கேட்கவேண்டியவை

1. எமது யாப்பின் பிரதி யாரிடம் உள்ளது? தமிழில் வாசித்து விளக்கப்பட்டதா?
2. கடைசி ஆண்டுப் பொதுக்கூட்டம் எப்போது நடந்தது? நிறைவெண் இருந்ததா?
3. வங்கிக் கணக்கில் ஒப்பமிடுபவர்கள் யாவர்? கணக்கைப் பரிசோதிப்பவர் வேறொருவரா?
4. தலைவி எத்தனை ஆண்டு பதவியில் இருக்கலாம்?
5. நிர்வாக சபை தவறினால், அதனை மாற்ற எமக்கு வழி உண்டா?

ஐந்தாவது கேள்விக்கு "ஆம்" என்று சொல்லக்கூடிய பெண்களே, "சங்கம் எங்களுடையது" என்றும் தயக்கமின்றிச் சொல்ல முடியும்.