ஆமர் வீதியில் எழுநூறு குதிரைகள்

கிராண்ட்பாஸ் வீதியில், வீரகேசரி அலுவலகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நாங்கள் வழக்கமாக உட்காரும் தேத்தண்ணிக் கடை. போன கிழமை அங்கே, எங்கள் ஒழுங்கைக்குப் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவன் போனை என் காதுக்கு அருகே பிடித்தான். கனடாவில், பிரம்டனில் இருக்கும் அவனுடைய அண்ணன் கார் வாங்கியிருக்கிறார். டொட்ஜ் சலெஞ்சர், ஹெல்கெட் வகை. கத்தரிக்காய் நிறம். வீடியோவில் அண்ணன் பட்டனை அழுத்துகிறார், போனின் சின்ன ஸ்பீக்கர் கரகரவென்று நடுங்குகிறது. வடைக்கு மாவரைத்துக்கொண்டிருந்த முதலாளியே திரும்பிப் பார்த்தார்.

"மாமா, இத இங்க கொண்டு வர ஏலுமா?"

"ஏலும் ஏலாது என்று ஒரு சொல்லில் முடிகிற கதையில்லை. இன்னும் ரெண்டு இஞ்சிப் பிளேன்டீ சொல்லு" என்றேன்.

முதலில் அந்தச் சத்தத்தையே எடுத்துக்கொள்வோம். எட்டு சிலிண்டர்கள், நாலு நாலாக இரண்டு வரிசை, ஆங்கில 'வி' எழுத்துப்போல விரிந்து நிற்கும். அச்சு இரண்டு சுற்றுச் சுற்றும்போது எட்டும் ஒவ்வொரு தடவை வெடித்து முடிந்துவிடும். மொத்தமாகப் பார்த்தால் சீரான தாளம்தான். ஆனால் ஒரு பக்கத்து வரிசையை மட்டும் தனியே கேட்டால் தாளம் தப்பும். அந்தப் பக்கத்திலேயே அடுத்தடுத்து இரண்டு வெடிக்கும், பிறகு ஓர் இழுவை, பிறகு ஒன்று. இரண்டு பக்கத்துப் புகையும் தனித்தனிக் குழாயில் வருவதால் நம் காதுக்கு அந்தத் தப்புத் தாளம்தான் வந்து சேர்கிறது. கிரிக்கெட் மைதானத்துப் பப்பரேயில் மேளக்காரர் வேண்டுமென்றே ஓர் அடியைத் தள்ளி அடிப்பாரே, ஆட்டம் வருவது அந்த இடத்தில்தானே. அதே சங்கதி.

அடுத்தது இழுவை. புறக்கோட்டை நாட்டாமைமாரைப் பார்த்திருப்பாய். அரிசி மூட்டை ஏற்றிய வண்டியை நகர்த்தும் முதல் அடிதான் கஷ்டம், உருள ஆரம்பித்தால் சின்னப் பையனும் தள்ளுவான். ஜப்பான் சின்ன எஞ்சின்கள் வேகமாகச் சுற்றித்தான் பலத்தைச் சேர்க்கும். பெரிய வி-8 அந்த முதல் அடியிலேயே பலத்தைக் கொட்டிவிடும். மஸல் கார் என்பது இதைத் தவிர வேறொன்றுமில்லை: நடுத்தர உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய நெஞ்சு.

அந்தப் பொருந்தாமையைத் தொடக்கி வைத்தது ஒரு குறுக்கு வழி என்று சொன்னால் தம்பிக்குச் சிரிப்பு. ஜெனரல் மோட்டர்ஸ் தன் நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் போடக்கூடாது என்று தனக்குத்தானே ஒரு விதி வைத்திருந்தது. பொன்டியாக் பிரிவில் ஜோன் டிலோரியனும் கூட்டாளிகளும் 1964இல் அந்த விதியைச் சுற்றிப் போனார்கள். புதுக் கார் என்று சொல்லாமல், டெம்பெஸ்ட் காருக்கு 'விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம்' என்ற கூடுதல் பட்டியலில் 389 கன அங்குல எஞ்சினை நுழைத்தார்கள். பெயர் ஜி.டி.ஓ. ஐயாயிரம் விற்றால் போதும் என்றிருந்தவர்களுக்கு முதல் வருஷமே 32,450 விற்றது. 389 என்பது நம் கணக்கில் 6.4 லீட்டர். இந்தத் தெருவில் ஓடும் பழைய ஆல்ட்டோக்களின் எஞ்சின்கள் எட்டை ஒன்றாகக் கட்டியதற்குச் சமம். ஓட்டோ எஞ்சின் என்றால் முப்பதுக்கு மேல்.

அந்தக் காலத்து விளம்பரங்களில் போட்ட குதிரைச் சக்தியை மட்டும் அப்படியே நம்பிவிடாதே. 1971 வரை பெரும்பாலும் எஞ்சினைத் தனியே கழற்றி வைத்து, சைலன்சர் முதலிய சுமை இல்லாமல் அளந்தார்கள். வண்டில் இல்லாமல் வெறுங்கையோடு நாட்டாமையை ஓடவிட்டுப் பார்த்துக் கூலி பேசுகிற மாதிரி. 1972இல் சுமையோடு அளக்கத் தொடங்கியதும் எண்கள் ஒரே இரவில் இறங்கின. கூடவே காப்புறுதிக் கட்டணம் ஏறியது, புகைச் சட்டம் வந்தது, 1973இல் எண்ணெய் நெருக்கடி. ஆட்டம் முடிந்தது.

இப்போது நம் பக்கம். 1964 முதல் 1972 வரையிலான அந்த வருஷங்களைத் திருப்பி இங்கே வைத்துப் பார். வெளிநாட்டுச் செலாவணி இல்லை, கார் இறக்குமதிக்குக் கிட்டத்தட்ட கதவடைப்பு. அங்கே பையன்கள் சம்பளப் பணத்தைக் கொடுத்து ஜி.டி.ஓ. வாங்கிய நேரத்தில், இங்கே டாக்டர்களே பதினைந்து வருஷத்து மொறிஸ் மைனருக்கு ரயர் தேடி அலைந்தார்கள். அமெரிக்கக் கார் நமக்கு வராமல் இல்லை. வந்தது அதற்கு முந்திய தலைமுறை: செவர்லே, பிளிமத், டொட்ஜ். கனமான, சாதுவான ஆறு சிலிண்டர் வண்டிகள். மஸல் கார் காலம் என்ற ஒன்று இந்தத் தீவின் கரையைத் தொடவே இல்லை. 1977இல் கதவு திறந்தபோது ஜப்பான் வந்துவிட்டது.

ஆனால் கதவடைப்பு நமக்கு வேறொரு கைப்பழக்கத்தைக் கொடுத்தது. புதிது வராத ஊரில் பழையது சாகக்கூடாது. பஞ்சிகாவத்தையின் லேத் பட்டறைகளும் டிங்கரிங் பாஸ்மாரும் அந்தப் பட்டினியில் கை தேர்ந்தவர்கள். தொண்ணூறுகளில் சார்ள்ஸ் வெயர் என்ற ஆங்கிலேயர், இங்குள்ளவர்களோடு கூட்டுச் சேர்ந்து மொறிஸ் மைனருக்கு உதிரிப்பாகம் செய்வித்து இங்கிலாந்துக்கே கொண்டுபோனார். கார் பிறந்த நாட்டுக்கு நாம் கதவும் தகடும் அனுப்பினோம்!

பழையதைச் சாகவிடாத இந்தக் கதையை நான் படித்துச் சொல்லவில்லை. அப்பா செட்டியார் தெரு வியாபாரி ஒருவரிடம் சாரதி. அவர் ஓட்டியது ஐம்பதுகளின் முற்பகுதியில் வந்த டொட்ஜ் கிங்ஸ்வே. பிளிமத் உடம்புக்கு டொட்ஜ் பெயர் ஒட்டி, வெளிநாடுகளுக்கென்று செய்தது. ஸ்டியரிங் வலப்பக்கம். 3.6 லீட்டர், ஏறத்தாழ நூறு குதிரை. இலக்கத்தகட்டில் 'சி.எல்.' என்ற ஆங்கில எழுத்து. அந்தக் காலத் தகட்டு எழுத்துகளெல்லாம் சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து பொறுக்கியவை. ஐம்பதுகளின் பிற்பகுதியில் அந்த இடத்துக்குச் சிங்கள ஸ்ரீ வந்ததும், அந்த ஓர் எழுத்துக்காகத் தார்ச் சட்டியோடு ஆட்கள் தெருவுக்கு இறங்கியதும் உன் தாத்தாவைக் கேட்டால் சொல்வார். 1973க்குப் பிறகு பெற்றோல் விலைக்கு அந்த யானையைக் கட்டித் தீனி போட முடியாமல், முதலாளி அதை அப்பாவின் தலையிலேயே சம்பள பாக்கிக்குக் கட்டிவிட்டார். இப்போது என் தலையில்.

"அப்ப சலெஞ்சர்?" என்றான் தம்பி. கதை அப்பாவிடம் போய்விடும் என்று பயந்திருப்பான்.

சரி. உன் அண்ணனுடைய வண்டியின் நீளம் ஐந்து மீற்றர், அகலம் 1.92. உங்கள் தோட்டத்துக்குள் ஓட்டோவே பின்பக்கமாகத்தான் வெளியே வருகிறது. சலெஞ்சரைத் தொழிற்சாலை ஒருநாளும் வலப்பக்க ஸ்டியரிங்கோடு செய்ததில்லை. ஆசையென்றால் மஸ்டாங் பார்க்கலாம், அதைப் போர்ட் 2015 முதல் நம் மாதிரி நாடுகளுக்கு வலப்பக்கம் வைத்தே செய்கிறது. ஆனால் சுங்கத்தில் இங்கே வரி கன சென்டிமீற்றர் கணக்கு. எஞ்சின் பெருக்கப் பெருக்க ஒவ்வொரு சி.சி.யின் விலையும் ஏறும். பழைய வண்டியென்றால் வயது வரம்பு வேறு. 2020 மார்ச்சில் பூட்டிய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது, அதையும் மறக்காதே.

பெற்றோல் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பிரம்டன் பம்பில் 91 என்று போட்டிருக்கும், இங்கே 92 என்று போட்டிருக்கும், நம்முடையது ஒரு படி மேல் என்று நினைப்பாய். இல்லை. ஒக்டேனை அளக்க இரண்டு முறை உண்டு. நாங்கள் ஒரு முறையின் எண்ணை அப்படியே போடுகிறோம், அவர்கள் இரண்டின் சராசரியைப் போடுகிறார்கள். அதனால் அவர்களுடைய 91, நம் 95க்குக் கிட்ட வரும். ஹெல்கெட் கேட்பது அந்த 91ஐ. 92 ஊற்றினால் அழுத்தத்தில் எரிபொருள் நேரத்துக்கு முந்தி வெடித்து எஞ்சினுக்குள் தட்டும், பிறகு கம்பியூட்டர் பயந்து பலத்தைக் குறைத்துவிடும். 707 குதிரைக்குக் காசு கொடுத்துவிட்டுக் கழுதை ஓட்டுவாய்.

இன்னொரு கணக்கு. 2022இல் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். அட்டை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீட்டர். ஊருக்குள் இந்த வண்டி லீட்டருக்கு ஆறு கிலோமீற்றர் ஓடினால் சந்தோஷம். ஆமர் வீதிச் சந்தியில் பச்சை விளக்குக்குக் காத்து நிற்பதிலேயே பாதி போயிருக்கும்.

தம்பி வாடிவிட்டான். வடையைப் பிட்டு அவன் பக்கம் தள்ளினேன். பழைய வண்டி வைத்திருப்பது என்றால் என்னவென்று இனித்தான் சொல்ல வேண்டும்.

பழைய எஞ்சினை ஓட்டாமல் வைத்திருப்பதுதான் பெரிய பாவம். சிலர் காலையில் ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைத்துவிட்டுப் பராமரிப்பு என்கிறார்கள். எரியும் பெற்றோல் நீராவியையும் விடும். எஞ்சின் நன்றாகச் சூடேறாவிட்டால் அந்த நீர் எண்ணெயிலும் சைலன்சரிலும் தங்கி உள்ளிருந்தே அரிக்கும். அரை மணி ஓட்டு, இல்லையென்றால் தொடாதே. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். முகத்துவாரத்துக் கடற்காற்று வீசும் இந்த ஊரில் வீல் சிலிண்டர் துருப்பிடிக்க அதிக நாள் வேண்டாம். புதிது கிடைக்காது. லேத்தில் கொடுத்து ஸ்லீவ் அடிக்க வேண்டியதுதான். பொயின்ட் இடைவெளி அரை மில்லிமீற்றர். அப்பா பீலர் கேஜ் இல்லாமல் தீப்பெட்டி மட்டையை மடித்து வைத்துப் பார்ப்பார். பிறகு நான் கேஜ் வைத்து அளந்தேன், மயிரிழை வித்தியாசம்.

மத்தியான வெயிலில் நெரிசலில் நின்றால் பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி எஞ்சின் அணையும். பதறாதே. பொனட்டைத் திறந்து பம்பின்மேல் ஈரத்துணி போடு, கால் மணி பொறு. இந்த டொட்ஜ் ஆறு வோல்ட், அதிலும் நேர்முனைதான் உடம்பில் பூமி. ஒருமுறை ஓர் எலெக்ட்ரீஷியன் வழக்கம்போலப் பற்றரியைத் திருப்பி மாட்டிவிட்டார். ஓட ஓட அமீட்டர் முள் எதிர்ப்பக்கமாகப் போனதைப் பார்த்து வண்டிக்குப் பேய் பிடித்துவிட்டது என்று வீட்டில் தேங்காய் உடைத்தார்கள். எலி வயர் கடிப்பதற்கு மட்டும் இன்றுவரை மருந்து கண்டுபிடிக்கவில்லை.

2002இல் ஈயம் கலந்த பெற்றோல் இங்கே நின்றபோது பழைய வண்டிக்காரர்கள் பயந்தார்கள். ஈயம்தான் வால்வு உட்காரும் இடத்துக்கு மெத்தை. இந்த வண்டிக்குப் புகை வெளியேறும் வால்வு இருக்கையில் கடின உருக்கு வளையம் பிறவியிலேயே உண்டு, தப்பியது. அறுபதுகளின் மஸல் கார்கள் பலவற்றுக்கு அது இல்லை, தலையைக் கழற்றி வளையம் இறக்க வேண்டும். ஜி.டி.ஓ.வின் அழுத்த விகிதம் 10.75, டொட்ஜுக்கு ஏழுக்குப் பக்கம். இது 92ஐக் குடித்துவிட்டுச் சிரிக்கும், அது 95க்கே முகம் சுளிக்கும்.

"இவ்வளவு பாடுபட்டு என்ன சந்தோஷம் மாமா?"

ஞாயிறு காலை, கூட்டம் கிளம்பும் முன், களனிப் பாலத்தைத் தாண்டி வத்தளைப் பக்கம் ஒரு சுற்று. இந்த ஊரின் பெயரே அந்த ஆற்றைக் கடக்கும் துறைக்குப் போர்த்துக்கேயர் வைத்த 'கிராண்டே பாசோ'தான். மூன்றாம் கியரிலேயே மேடும் பள்ளமும் ஓடிவிடும், மாற்றத் தேவையில்லை. ஆறு சிலிண்டரும் சீராக அடிக்கும்போது ஸ்டியரிங்கில் விரலை வைத்தால் நாடி பிடித்த மாதிரி இருக்கும். உன் அண்ணன் 700 குதிரையோடு அதிவேகப் பாதைக்குப் போனாலும் இங்கே எல்லை நூறுதான். அவருடைய குதிரைகள் அரைத்தூக்கத்தில் நடக்கும். என்னுடையவை எல்லாம் விழித்து வேலை செய்யும்.

தம்பி போனை எடுத்து அண்ணனுக்கு ஏதோ தட்டினான். எட்டிப் பார்த்தேன். பிரம்டனிலேயே செய்த கார் அது, கடைசிச் சலெஞ்சர் அங்கே 2023 டிசம்பரில் வெளியே வந்தது, அதனால் விற்காமல் கவனமாக வைத்திரு என்று எழுதியிருந்தான். பரவாயில்லை, பையன் காதில் வாங்கியிருக்கிறான்.

"உங்கட டொட்ஜ் இப்ப ஓடுமா மாமா?"

"ஞாயிறு காலை ஆறு மணிக்கு வா. நல்ல சேர்ட் போட்டு வராதே. பிரேக் கழற்ற வேண்டியிருக்கு."