மும்பைத் தமிழருக்குக் குடும்பப்பெயர் வந்தது எப்படி?

தமிழ்நாட்டில் பெயருக்கு முன்னால் தந்தை பெயரின் முதலெழுத்து போதும். சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொல்லி 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. அதன்பின் இந்த இனிஷியல் வழக்கம் வலுப்பட்டது. மகாராஷ்டிரத்தில் சொந்தப் பெயர், தந்தை பெயர், குடும்பப்பெயர் என மூன்று அடுக்கு: சச்சின் ரமேஷ் டெண்டுல்கர்.

அப்படியானால் மும்பையின் தாராவியில் பள்ளியில் சேரும் தமிழ்க் குழந்தையின் படிவத்தில் மூன்றாம் கட்டத்தை நிரப்புவது எப்படி? இரண்டு வழிகள்.

ஒன்று, ஊரில் உதிர்ந்த பட்டம் இங்கே மீண்டும் ஒட்டிக்கொள்ளும். கிரிக்கெட் வீரர் ஷ்ரேயஸ் சந்தோஷ் ஐயர், மாட்டுங்கா வட்டாரத்தில் கோலோச்சிய நிழலுலகப் புள்ளி வரதராஜன் முதலியார் ஆகியோரின் பெயர்கள் இந்த வகை.

இரண்டு, தந்தை பெயரே குடும்பப்பெயராகும். அது மாறாமல் பேரப்பிள்ளைகளுக்கும் தொடர்ந்தால், தாத்தாவின் பெயர் பரம்பரைப் பெயராக உறைந்துவிடும். இங்கிலாந்தில் 'ஜானின் மகன்' ஜான்சன் ஆனதும் இப்படித்தான். அங்கே வரி, நிலப் பதிவேடுகள் செய்த வேலையை மும்பையில் பள்ளிப் படிவமும் ரேஷன் கார்டும் செய்தன.

எந்த வழியானாலும் பள்ளிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கும்படி இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.