ஆள் குறைந்த தீவு

அயர்லாந்தின் மேற்குக் கரையோர மலைச்சரிவுகளில், சாயங்கால வெயில் சாய்வாக விழும் நேரத்தில், புல்லுக்கு அடியில் வரிவரியாக மேடும் பள்ளமும் தெரியும். பெரிய சீப்பை வைத்து மலையை வாரிவிட்ட மாதிரி இருக்கும். அவையெல்லாம் ஒரு காலத்தில் உருளைக்கிழங்கு போட்ட பாத்திகள். போட்டவர்களில் பலர் செத்தார்கள், பலர் கப்பலேறினார்கள். அதற்குப் பிறகு அங்கே மண்வெட்டி படவே இல்லை.

1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தத் தீவில் இருந்தவர்கள் 81 லட்சத்துக்கும் மேல். 2021, 2022 கணக்கெடுப்புகளில் வடக்கையும் தெற்கையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 70 லட்சம். ஐரோப்பா முழுக்க ஜனம் பெருகிய காலத்தில் இந்தத் தீவு மட்டும் இளைத்தது. அயர்லாந்துக்காரர்களின் கதையை எந்த நூற்றாண்டில் தொடங்கினாலும் இந்தக் கணக்கில்தான் வந்து முட்ட வேண்டும்.

வந்தவரெல்லாம் வீட்டுக்காரர்

டப்ளினுக்கு வடக்கே பாயின் ஆற்றங்கரையில் நியூகிரேஞ்ச் என்ற கல்மேடு இருக்கிறது. கி.மு. 3200 வாக்கில் கட்டியது. எகிப்தின் கிஸா பிரமிடுகளைவிட மூத்தது. வருடத்திலேயே மிகக் குறுகிய பகல்கள் வரும் டிசம்பர் நாட்களில், வாசலுக்கு மேலிருக்கும் சிறு திறப்பு வழியாக உதயசூரியனின் கதிர் நுழையும். 19 மீட்டர் நீளக் கல் நடையைக் கடந்து உள்ளறையைத் தொடும். சுமார் 17 நிமிடம் வெளிச்சம். பிறகு அடுத்த வருடம் வரை இருட்டு.

ஐரிஷ் மொழி இந்தத் தீவுக்கு வந்ததே அதற்கு வெகுகாலம் கழித்துத்தான். ரோமானியர்கள் பக்கத்துப் பிரிட்டனை ஆண்டார்கள், கடலைத் தாண்டி இங்கே படையெடுக்கவில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் பிரிட்டனிலிருந்து கடத்திவரப்பட்ட ஒரு சிறுவன் ஆறு வருடம் அடிமையாக ஆடு மேய்த்தான். தப்பி ஓடியவன், பின்னாளில் பாதிரியாகத் திரும்பி வந்தான். இன்று அயர்லாந்தின் காவல் புனிதராக இருக்கும் பேட்ரிக் அவர்தான். கன்றுத்தோலில் வண்ணம் குழைத்து எழுதிய கெல்ஸ் சுவடி கி.பி. 800 வாக்கில் உருவானது. அதே காலத்தில் மடங்களைக் கொள்ளையடிக்க வந்த வைக்கிங்குகள், கொள்ளையோடு நிற்காமல் டப்ளின் நகரத்துக்கும் அடிபோட்டார்கள்.

1169-ல் பிரிட்டனிலிருந்து வந்த நார்மன்கள் ஐரிஷ் பேசி, ஐரிஷ் பெண்களைக் கட்டி, ஐரிஷ்காரர்களாகவே மாறினார்கள். இது ஆங்கில அரசுக்கு வயிற்றைக் கலக்கியது. ஆங்கிலேயக் குடியேறிகள் ஐரிஷ் பேசக் கூடாது, ஐரிஷ்காரரோடு சம்பந்தம் வைக்கக் கூடாது என்று 1366-ல் கில்கெனி நகரில் சட்டமே போட்டார்கள். வாடகைக்கு வந்தவரையும் சொந்தக்காரராக்கிவிடும் வீடாக இருந்தது அயர்லாந்து.

நிலம் கைமாறியது

பதினேழாம் நூற்றாண்டில் இந்தப் போக்கு முறிந்தது. 1607-ல் வடக்கின் பூர்வீக ஐரிஷ் பிரபுக்கள் நாட்டைவிட்டே போனார்கள். அவர்கள் நிலத்தில் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து புராட்டஸ்டண்டுகளை ஆங்கில அரசு குடியமர்த்தியது. 1649-ல் வந்த ஆங்கிலத் தளபதி கிராம்வெல்லின் படை மிச்சத்தையும் பிடுங்கியது. பின்னால் வந்த தண்டனைச் சட்டங்கள் கத்தோலிக்கர்களான ஐரிஷ்காரர்களின் நில உரிமையையும் பதவிகளையும் அடைத்தன. தாத்தா உழுத நிலத்துக்குப் பேரன் குத்தகை கட்டினான்.

குத்தகை நிலமும் தலைமுறைக்குத் தலைமுறை துண்டாகிச் சுருங்கியது. துண்டு நிலத்தில் ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்பக்கூடிய பயிர் உருளைக்கிழங்கு ஒன்றுதான். விளைந்த தானியம் குத்தகைக்குப் போகும், கிழங்கு வீட்டுக்கு. ஓர் ஆண் நாளுக்கு ஐந்தாறு கிலோ கிழங்கு சாப்பிட்டான். ஏறக்குறைய முப்பது லட்சம் பேருக்கு மூன்று வேளையும் அதுதான்.

1845-ல் பின்பருவ இலைக்கருகல் நோய் வந்தது. பச்சையாக நின்ற பாத்தி சில நாட்களில் கருகி நாறியது. தோண்டினால் கையில் கூழ் ஒட்டியது. முதல் வருடம் விளைச்சலில் ஒரு பங்கு போனது. 1846-ல் ஏறக்குறைய எல்லாமே போனது.

நோய் ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலும் பரவியது. ஆனால் இந்த அளவு சாவு அயர்லாந்தில்தான். பட்டினி கிடந்த ஊர்களைத் தாண்டி ஓட்ஸும் வெண்ணெயும் மாடுகளும் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டே இருந்தன. 1847 கோடையில் கஞ்சித் தொட்டிகள் திறந்தபோது நாளுக்கு முப்பது லட்சம் பேர் வரை வரிசையில் நின்றார்கள். சில மாதங்களில் அவற்றையும் மூடினார்கள். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் கிடையாது என்று அதே வருடம் ஒரு விதி வந்தது. கஞ்சி வேண்டுமானால் நிலத்தை விடு என்று அதற்கு அர்த்தம். விட்டவர்களின் குடிசைகளைப் பண்ணையாளர்கள் இடித்துத் தள்ளினார்கள்.

லண்டன் கருவூலத்திலிருந்து நிவாரணப் பணத்தின் கடிவாளத்தைப் பிடித்திருந்தவர் சார்லஸ் டிரெவெல்யன். அரசு அதிகம் கொடுத்தால் ஜனம் சோம்பேறியாகிவிடும் என்பது அவர் கட்சி. பஞ்சத்தில் கடவுளின் திருத்தும் கையைக் கண்டவர். இந்த மனிதர் நமக்கு அந்நியர் அல்ல. 1859-ல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார், சென்ட்ரல் பக்கம் மக்கள் பூங்காவை அமைத்தார்.

1852-க்குள் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதற்குக் குறையாத எண்ணிக்கையில் ஊரைவிட்டுப் போனார்கள். ஆட்களை நெருக்கி ஏற்றிய கப்பல்களுக்குச் 'சவப்பெட்டிக் கப்பல்' என்று பெயர் வந்தது. கனடாவின் க்ரோஸ் ஈல் தீவில், கரையேறிய கையோடு செத்த ஐரிஷ்காரர்கள் ஆயிரக்கணக்கில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டு அதிக காலம் ஆகாத அமெரிக்கப் பழங்குடியினரான சோக்டாக்கள், 1847-ல் தங்களுக்குள் காசு திரட்டி அயர்லாந்துக்கு அனுப்பினார்கள். கார்க் மாவட்டத்து மிடில்டன் ஊரில் ஒன்பது எஃகு இறகுகள் வானம் பார்த்து நிற்பது அந்த நன்றிக்குத்தான்.

கழுத்தில் ஒரு குச்சி

பஞ்சம் மோசமாக அடித்தது மேற்கை. ஐரிஷ் மொழி பேசியவர்கள் நிறைந்திருந்ததும் அங்கேதான். மிஞ்சியவர்களுக்கு அமெரிக்கா போக ஆங்கிலம் வேண்டியிருந்தது. பள்ளியில் பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டிவிடுவார்கள். ஐரிஷ் வார்த்தை வாயில் வரும்போதெல்லாம் குச்சியில் ஒரு வெட்டு; சாயங்காலம் வெட்டுகளை எண்ணி அடி. வீட்டில் கண்காணித்தது பெற்றவர்களே. கில்கெனி சட்டத்தால் முடியாததைக் கப்பல் டிக்கெட் செய்துவிட்டது.

மொழியை மீட்க 1893-ல் கேலிக் கழகத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் டக்ளஸ் ஹைட், ஒரு புராட்டஸ்டண்ட் பாதிரியாரின் மகன். பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுதலை கேட்டு 1916 ஈஸ்டர் வாரத்தில் டப்ளின் தபால் நிலையத்தைப் பிடித்த கிளர்ச்சிக்காரர்கள் ஒரே வாரத்தில் சரணடைந்தார்கள். நகரத்தில் அவர்களுக்கு அப்போது பெரிய ஆதரவும் இல்லை. மே மாதத்தில் பதினைந்து பேரைப் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்றது, ஜனத்தின் மனசு மாறியது. 1921 ஒப்பந்தம் 26 மாவட்டங்களுக்குச் சுயாட்சி தந்தது. வடக்கின் ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு நின்றன. அந்த ஒப்பந்தத்தின் பேரில் தோழர்களே ஒருவரையொருவர் சுட்டார்கள். வடக்கில் 1960-களின் கடைசியில் மூண்ட வன்முறை, 1998 புனித வெள்ளி ஒப்பந்தத்துக்குள் சுமார் 3,500 உயிர்களைத் தின்றது.

சுதந்திரம் வந்தும் கப்பல் நிற்கவில்லை. 1950-களிலும் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக இங்கிலாந்துக்குப் போனார்கள். 1973-ல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்த பிறகு, 1990-களில் மருந்து, கணினி நிறுவனங்கள் வந்த பிறகுதான் காற்று திரும்பியது. 2022 கணக்கெடுப்பில் குடியரசின் மக்கள்தொகை, 1851-க்குப் பிறகு முதல்முறையாக 50 லட்சத்தைத் தாண்டியது. அவர்களில் ஐந்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். நர்ஸாகவும் மென்பொருள் பொறியாளராகவும் போன இந்தியர்களும் அதில் உண்டு. 2017-ல் அந்த நாட்டின் பிரதமரான லியோ வரத்கரின் அப்பா மும்பைக்காரர்.

வந்தவரை வீட்டுக்காரராக்கும் பழைய பழக்கம் தீவுக்குத் திரும்பியிருக்கிறது. ஆனாலும் 2022 கணக்குப்படி 1841-ன் தலைக்கணக்கை எட்ட இன்னும் பத்து லட்சம் பேராவது வேண்டியிருந்தது.