வெயில் காலத்தில் சவுனா எதற்கு?

சவுனா என்றால் பனிக்கால சமாச்சாரம் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வெளியே மைனஸ் 20 டிகிரி, உள்ளே மரப்பலகையில் உட்கார்ந்து வியர்த்துக் கொட்டிவிட்டு, ஓடிப்போய்ப் பனியில் புரளும் ஆட்கள். நாம் பார்த்த படங்கள் அப்படி. ஆனால் பின்லாந்தில் சவுனாவுக்கு மிக விசேஷமான நாட்களில் ஒன்று ஜூன் மாதத்தில் வருகிறது. யுஹன்னுஸ் என்கிற நடுக்கோடைத் திருநாள். 1955 முதல் ஜூன் 20-க்கும் 26-க்கும் இடையே வரும் சனிக்கிழமையில் கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு நகரங்கள் வெறிச்சோடிவிடும். ஏரிக்கரைக் கோடை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் சவுனா அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். அது இல்லாமல் யுஹன்னுஸ் இல்லை.

வெயில் காலத்தில் 80 டிகிரி அறைக்குள் போய் உட்காருவது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிற மாதிரி இல்லையா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு படித்ததில் எடுத்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

அது குளிக்கிற இடம்

சுமார் 55 லட்சம் பேர் வாழும் நாட்டில் 30 லட்சம் சவுனாக்கள் இருப்பதாகப் பொதுவாகச் சொல்வார்கள். 2020-இல் யுனெஸ்கோ பின்லாந்தின் சவுனாப் பண்பாட்டைத் தன் பட்டியலில் சேர்த்தது. குளிர் காய்வதற்காக மட்டும் வந்த ஏற்பாடு இல்லை இது. பழைய பண்ணை வீடுகளில் குளியலறை, பிரசவ அறை, இறந்தவரைக் குளிப்பாட்டும் இடம் எல்லாமே சவுனாதான். வீட்டிலேயே சுத்தமான இடம் அது. குளிக்கிற இடத்துக்குக் கோடை விடுமுறை ஏது?

இன்னொரு காரணம் பிர்ச் மரம். பிர்ச் கிளைகளைக் கட்டி, அந்தக் கொத்தால் உடம்பைத் தட்டிக்கொள்வார்கள். மேற்குப் பக்கம் அதற்கு விஹ்தா என்று பெயர், கிழக்கில் வஸ்தா. அந்த இலை இளசாகவும் வாசனையாகவும் கிடைப்பது ஜூனில்தான். குளிர்காலத்தில் உலர்த்தியதையோ உறையவைத்ததையோ வைத்துச் சமாளிக்க வேண்டும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

சவுனாவில் தலை மட்டத்தில் 80, 90 டிகிரி இருக்கும். காற்று ரொம்ப உலர்ந்திருப்பதால்தான் அதைத் தாங்க முடிகிறது. சில நிமிடங்களில் தோலின் வெப்பம் 40 டிகிரிக்குப் பக்கத்தில் போய்விடும். தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் விரியும், நாடித்துடிப்பு 100-ஐத் தாண்டும், ஒரு தடவைக்கு அரை லிட்டர் வாக்கில் வியர்வை போகும். நடுநடுவே சூடான கற்கள்மேல் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். எழும்புகிற ஆவிக்கு லோய்லு என்று பெயர். அந்த ஆவி உங்கள் தோல்மேல் பட்டுத் தண்ணீராகப் படிகிறது. படியும்போது தன் வெப்பத்தையும் உங்களிடமே விட்டுவிடுகிறது. சுளீர் என்று உறைப்பது அதனால்தான். உடம்பில் வழிவது அத்தனையும் வியர்வை இல்லை, அதில் ஒரு பங்கு இந்த ஆவி.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 70 கிலோ உடம்பின் வெப்பம் 1 டிகிரி ஏற சுமார் 245 கிலோஜூல் வேண்டும். ஒரு கிராம் வியர்வை ஆவியானால் சுமார் 2.4 கிலோஜூல் வெளியே போகும். அதாவது 1 டிகிரி இறங்க 100 மில்லி வியர்வை ஆவியாக வேண்டும். ஆவியாகணும், அதுதான் முக்கியம். சொட்டித் தரையில் விழுந்த வியர்வை கணக்கில் சேராது.

ஆக, சவுனா உடம்பைக் குளிர்விக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் வரை உடம்பு சூட்டை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. குளிர்ச்சி எல்லாம் வெளியே வந்த பிறகு.

வெளியே என்ன இருக்கிறது?

ஜூன் சாயங்காலத்தில் தெற்குப் பின்லாந்தில் வெளியே 18, 20 டிகிரி இருக்கும். ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம். ரத்தக் குழாய்கள் விரிந்தபடி, வியர்வைச் சுரப்பிகள் வேலை பார்த்தபடி நீங்கள் கதவைத் திறந்துகொண்டு ஏரிக்குள் இறங்குகிறீர்கள். தண்ணீர், காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். கரையேறி ஈரத்தோடு உட்கார்ந்தால் மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். உள்ளே வாங்கின சூடு முழுக்க இறங்கிவிடும். 85 டிகிரியிலிருந்து வந்தவனுக்கு 25 டிகிரி வெயிலும் தென்றல் மாதிரி இருக்கும்.

கட்டட அமைப்பையும் கவனியுங்கள். கோடை வீட்டுச் சவுனா பெரும்பாலும் வீட்டை விட்டுத் தள்ளி, தண்ணீர் ஓரமாகத் தனிக் குடிலாக இருக்கும். அடுப்புச் சூடு தூங்குகிற அறைக்கு வராது.

இதே ஆள் நகரத்து அடுக்குமாடியில், குளியலறையை ஒட்டின மின்சாரச் சவுனாவில் உட்கார்ந்தால் கதை வேறு. 6 கிலோவாட் அடுப்பு ஒரு மணி நேரம் முழுச் சக்தியில் எரிந்தால் 6 யூனிட் வெப்பம் வீட்டுக்குள்தான் இறங்கும். 2018 கோடையில் வெயில் வாரக்கணக்கில் நீடித்தபோது, ஏசி இல்லாத வீடுகளில் தூக்கம் வராமல் தவித்தவர்களுக்காக ஹெல்சிங்கியில் ஒரு சூப்பர்மார்க்கெட் கடைக்குள்ளேயே ஒரு ராத்திரி படுத்துக்கொள்ள இடம் கொடுத்தது. அந்த மாதிரி ராத்திரியில் வீட்டுக்குள் சவுனா போடுவது நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் சூனியம்.

வெளியே வருவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு துயரமான உதாரணமும் உண்டு. ஹெய்னோலா என்ற ஊரில் ஒவ்வொரு வருஷமும் உலகச் சவுனாப் போட்டி நடக்கும். யார் கடைசிவரை உள்ளே உட்காருகிறாரோ அவருக்கு வெற்றி. 2010 ஆகஸ்ட் 7 அன்று 110 டிகிரியில் நடந்த இறுதிச் சுற்றில் ரஷ்யப் போட்டியாளர் இறந்துபோனார். பின்லாந்துக்காரர் பலத்த தீக்காயங்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். அதற்குப் பிறகு அந்தப் போட்டியே நடக்கவில்லை.

உடம்பைப் பழக்குவது

என்னோடு ஓட்டப் பயிற்சிக்கு வரும் சென்னை நண்பர் ஒருவர் கேட்டார்: "என்னங்க, மே மாசம் ஜிம்ல சவுனா போலாமா? வெயிலுக்கு உடம்பு பழகும்னு சொல்றாங்களே?"

பழகும் என்பது உண்மை. தொடர்ந்து 7 முதல் 14 நாள் உடம்பை அளவாகச் சூடாக்கினால் ரத்தத்தின் திரவ அளவு கூடும், வியர்வை சீக்கிரம் ஆரம்பிக்கும், அதில் உப்பு குறையும். நியூசிலாந்தில் 6 ஓட்டக்காரர்களை வைத்து 2007-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பயிற்சி முடித்த கையோடு மூன்று வாரம் சவுனாவில் உட்கார்ந்தவர்கள் களைத்து நிற்கும்வரை ஓடிய நேரம் 32 சதவீதம் கூடியது. ஓட்டப்பந்தய நேரக் கணக்கில் அது சுமார் 2 சதவீத முன்னேற்றத்துக்குச் சமம். ஆறே பேர்தான், அதனால் அந்த 32-ஐப் பெரிதாகத் தூக்கிப்பிடிக்க வேண்டாம். திசை சரி, அவ்வளவுதான்.

ஆனால் நேரம் முக்கியம். இந்தப் பழக்கம் சில வாரங்களில் கரைந்துவிடும். எனவே இதற்கான காலம் வெயிலுக்கு முந்தைய மாதம், பிப்ரவரி கடைசியோ மார்ச்சோ. மே மாதத்தில் சென்னைத் தெருவே உடம்புக்கு அந்தப் பாடத்தைத் தினமும் நடத்திக்கொண்டிருக்கும். அதோடு நம்மூர்ப் பிரச்சினை வெறும் வெக்கை இல்லை, புழுக்கம். 33 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் வியர்வை ஆவியாகாமல் சொட்டத்தான் செய்யும். நம் கணக்கில் சேராத வியர்வை. சவுனாவில் ஏறின அந்த 1 டிகிரியை இறக்க ஏரியும் கிடையாது, குளிர்ந்த காற்றும் கிடையாது. தொட்டித் தண்ணீரே வெந்நீராக வரும்.

நண்பருக்குச் சொன்னது இதுதான். மே மாதத்திலும் போகத்தான் வேண்டும் என்றால், வெயிலில் ஓடிவந்த நாளில் போகாதீங்க. 10 நிமிஷம் போதும். வெளியே ஏசி அறையோ குளிர்ந்த தண்ணீரோ இருந்தால் மட்டும் உள்ளே போங்க, உடம்பு பழைய நிலைக்கு வரும்வரை அங்கேயே உட்காருங்க. போவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்க. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் உப்போடு. மது வேண்டவே வேண்டாம். யுஹன்னுஸ் வாரக் கடைசியில் ஏரியில் மூழ்கி இறப்பவர்கள் பற்றிய செய்தி பின்லாந்தில் வருஷா வருஷம் வருகிறது. பலவற்றில் குடியும் சேர்ந்தே இருக்கும். இதய நோய் உள்ளவர்கள், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது. தலை லேசாகச் சுற்றினாலும் உடனே எழுந்து வந்துவிட வேண்டும்.

உள்ளே எத்தனை டிகிரி என்பதைத்தான் எல்லா ஜிம்மும் பலகையில் எழுதி வைக்கிறது. கோடையில் நாம் கேட்க வேண்டியது, கதவைத் திறந்தால் வெளியே எத்தனை டிகிரி என்பது.