தன் கையாற் கட்டும் சிறு விமானம்

வானிற் பறத்தல் வேண்டும் என்னும் வேட்கை மனிதகுலத்துக்குப் புதியதன்று. இலங்கையோடு தொடர்புடைய புட்பக விமானத்தை இராமகாதை கூறுகின்றது. சீவக சிந்தாமணியிலே சச்சந்தன் என்னும் அரசன் கைவினைஞன் ஒருவனைக் கொண்டு மயிற்பொறி ஒன்றைச் செய்வித்து, தன் தேவி விசயையை அதில் ஏறிப் பறக்கப் பயிற்றுவிக்கின்றான். இவ்விரண்டனுள் புட்பகம் தெய்வத்தன்மை வாய்ந்தது. எத்துணைப்பேர் ஏறினும் மேலும் ஒருவர்க்கு இடங்கொடுக்கும் என்பர். மயிற்பொறியோ மனிதன் செய்த கருவி, பயின்றவரே செலுத்தத்தக்கது. இக்காலத்தில் தொழிற்சாலையிலன்றித் தம் வீட்டிலே தனிமனிதர் கட்டும் சிறு விமானம் மயிற்பொறியின் இனத்தைச் சேர்ந்தது எனலாம்.

இலங்கையில் இத்துறையில் நினைக்கத்தக்கவர் பொறியியலாளர் றே விஜேவர்தன (1924–2010) ஆவார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் பொறியியல் கற்ற இவர், 1950களில் 'லாண்ட்மாஸ்டர்' என்னும் இருசக்கர உழவு இயந்திரத்தை உருவாக்கியவர். 2002 முதல் 2007 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக விளங்கினார். சிறு விமானங்களைத் தாமே வரைந்து, தாமே கட்டி, தாமே ஏறிப் பறந்தும் பார்த்தவர். வரைந்தவரும் கட்டியவரும் ஏறுபவரும் ஒருவரே ஆகும்போது, பிழை நேரின் அதன் பயனை நுகர்பவரும் அவரே ஆவார். இதனால் இவ்வேலைக்கு முதற்கண் வேண்டுவது துணிவு என்று பலர் எண்ணுவர். உண்மையில் துணிவுக்கு முன் வேண்டப்படுவது கணக்கு.

முதற் கணக்கு எடையைப் பற்றியது. ஐக்கிய அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டு இலகு விளையாட்டு விமானம் என ஒரு வகுப்புச் சட்டத்தால் வகுக்கப்பட்டது. தரையிலிருந்து எழும் விமானத்தின் முழு எடை 600 கிலோகிராமுக்கு மேற்படலாகாது. இருவருக்கு மேல் அமரலாகாது. வேகம் குறைந்து இறக்கை தாங்குந் திறனை இழக்கும் எல்லை மணிக்கு ஏறத்தாழ 83 கிலோமீற்றருக்கு மேற்படலாகாது. இவையே அவ்வகுப்பின் முதன்மையான வரையறைகள். 2025இல் வெளியான புதிய விதிகள் இவற்றைத் தளர்த்தினும், சிறு விமானத்தின் இயல்பை விளக்குதற்கு இவ்வெண்கள் மிகவும் ஏற்றவை.

இறக்கை தாங்கும் விசை நான்கினைச் சார்ந்தது. காற்றின் அடர்த்தி, வேகத்தின் வர்க்கம், இறக்கையின் பரப்பு, இறக்கையின் வடிவுக்கும் சாய்வுக்கும் உரிய தூக்கெண் ஆகிய இந்நான்கையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் அவ்விசை கிடைக்கும். கடல்மட்டத்தில் ஒரு கனமீற்றர் காற்றின் நிறை 1.225 கிலோகிராம். தூக்கெண் 1.5 எனக் கொண்டால், மணிக்கு 83 கிலோமீற்றர் வேகத்தில் 600 கிலோகிராமைத் தாங்குதற்கு ஏறத்தாழ 12 சதுர மீற்றர் இறக்கை வேண்டும். இனி, கட்டுபவர் ஆங்காங்கே சிறிது தடித்த பலகையும் சிறிது பெரிய ஆணியும் சேர்த்தமையால் எடை நூற்றுக்குப் பத்து மிகுந்ததெனக் கொள்வோம். தாங்கும் எல்லை வேகம் மணிக்கு 87 கிலோமீற்றர் ஆகும். வேற்றுமை சிறிதெனத் தோன்றும். ஆயின் இறங்கும் வேளையில் நிலத்தில் அடக்கவேண்டிய இயக்கசக்தி நூற்றுக்கு 21 மிகும். எடையும் வேகத்தின் வர்க்கமும் ஒருங்கே வளர்வதே இதற்குக் காரணம். புட்பகத்திற்கு இல்லாத இக்கணக்கு மனிதன் செய்த விமானத்தை ஒருபோதும் விடுவதில்லை.

இரண்டாவது கணக்கு எடை எவ்விடத்தில் நிற்கின்றது என்பது. விமானத்தின் ஈர்ப்பு மையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தின் ஏறத்தாழக் காற்பங்குத் தொலைவில் அமைதல் பொதுவழக்கு. அது மிகவும் முன்னே சென்றால் இறங்கும்போது மூக்கை உயர்த்தல் அரிது. மிகவும் பின்னே சென்றாலோ கேடு பெரிது. காற்று மூக்கைச் சிறிது உயர்த்தினாலும் அது தானே மீளாது. மேலும் மேலும் உயர்ந்து, இறக்கை தாங்குந் திறனை இழக்கும். பின்னிருக்கைக்குப் பின்னால் வைக்கும் ஒரு சிறு பெட்டியையும் துலாக்கோல் போல நிறுத்துப் பார்க்கவேண்டியிருப்பது இதனாலேயாம்.

மூன்றாவது கணக்கு வலிமையைப் பற்றியது. திருப்பத்திலும் காற்றுக் கொந்தளிப்பிலும் இறக்கைமேல் விமானத்தின் எடையைப்போலப் பன்மடங்கு சுமை விழும். இவ்வகை விமானத்துக்கு நான்கு மடங்குச் சுமையைக் கொண்டு, அதன்மேல் ஒன்றரை மடங்குக் காப்பும் சேர்ப்பது வழக்கம். எனவே 600 கிலோகிராம் விமானத்தின் இறக்கைகள் 3600 கிலோகிராம் வரை முறியாது நிற்றல் வேண்டும். கட்டுபவர் இதனை அறிதற்கு எளிய வழி ஒன்றுண்டு: இறக்கையைத் தலைகீழாகத் தாங்கிவைத்து, அதன்மேல் மணல் மூட்டைகளை முறையாக அடுக்கி, வளைவை அளந்து பார்த்தல். பொருளோ பலவகைப்படும். ஊசியிலை மரமும் ஒட்டுப்பலகையும் துணியும் பழைய வழி. உருக்குக் குழாய்ச் சட்டமும் அலுமினியத் தகடும் அடுத்தவை. 1975இல் அமெரிக்கர் பேட் றூட்டன் பறக்கவிட்ட 'வேரிஈசி' விமானத்தின் பின் நுரைக்கட்டியின்மேல் கண்ணாடியிழை ஒட்டும் முறையும் வீட்டுப் பட்டறைகளிற் பரவியது.

இக்கணக்குகள் யாவும் சரியாயினும், ஒருவர் அறிவுக்கு எட்டாத பிழை எஞ்சியிருத்தல் கூடும் என்பதற்கு ஒரு வரலாறு சான்றாகும். பிரான்சு நாட்டினரான ஆன்றி மின்யே 1933இல் 'எச்.எம்.14' என்னும் மிகச் சிறிய விமானத்தை அமைத்தார். வானத்துப் பேன் எனப் பொருள்படும் பெயரால் அது வழங்கியது. அதனைக் கட்டும் முறையை அவர் நூலாக வெளியிட, பிரான்சிலும் பிரித்தானியாவிலும் எளிய மக்கள் பலர் தம் வீடுகளிலே கட்டத் தொடங்கினர். முன்பின்னாக அமைந்த இரு இறக்கைகளுள் முன்னிறக்கையைச் சாய்த்தே அது ஏறவும் இறங்கவும் செய்தது. சில ஆண்டுகளில் உயிரிழப்புக்கள் தொடர்ந்தன. பின்னர்க் காற்றுச் சுரங்கத்தில் ஆராய்ந்தபோது, மூக்குத் தாழ்ந்து வீழும் நிலையில் இரு இறக்கைகளும் ஒன்றன் காற்றோட்டத்தை மற்றொன்று கெடுத்தலால், செலுத்துபவர் மீட்க முயன்றும் அது மீளாது என்பது புலனாயிற்று. அதனைப் பறக்கவிடுதல் தடுக்கப்பட்டது. கட்டியோர் கைத்திறனிற் குறையுடையோர் அல்லர். வரைபடத்திலே இருந்த குறையை ஒவ்வொருவரும் தனித்தனியே நம்பிக் கட்டினர். அதனைச் சோதித்துக் கூறுவார் உரிய காலத்தில் இலராயினர்.

தானே கட்டுதல் வேறு. தனியே கட்டுதல் வேறு. 1953இல் அமெரிக்காவில் போல் போபெறெஸ்னி என்பவர் விமானங் கட்டுவோர்க்கென ஒரு சங்கம் நிறுவினார். ஒருவர் ஒட்டிய மூட்டை மற்றொருவர் நோக்குவதும், ஒருவர் கண்ட பிழையைப் பலர்க்கும் அறிவிப்பதும் அதன் பணிகளுள் அடங்கும். இந்தியாவிலே விமானியான அமோல் யாதவ் மும்பையில் மாடிவீட்டுக் கூரையின்மேல் ஆறு இருக்கை விமானமொன்றைக் கட்டினார். 2016இல் அது மும்பைக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. 2017இல் அரசின் பதிவு கிடைத்தது. பதிவும் பரிசோதனையும் காலத்தை விழுங்கும் தடைகளாகச் சிலர்க்குத் தோன்றலாம். வானத்துப் பேனின் வரலாற்றை அறிந்தார் அவ்வாறு கருதார்.

தன் செயலைத் தானே மறுமுறை ஆராயும் இப்பண்பு றே விஜேவர்தனவின் வேறு பணியிலும் விளங்கிற்று. உழவு இயந்திரத்தை உலகுக்குத் தந்த அவரே, பின்னாளில் இறக்குமதி எரிபொருளை நம்பும் வேளாண்மையை ஐயுற்று, மலைச்சரிவின் மண்ணைக் காக்கும் முறைகளையும், கிளிரிசிடியா மரத்தை உரமாகவும் விறகாகவும் பயன்படுத்துதலையும் வலியுறுத்தினார். மழை மண்ணை அரித்துச் செல்லும் சப்ரகமுவச் சரிவுகளில் இதன் பயன் வெளிப்படை.

குருவிட்ட போன்ற மலையடிவார ஊர்களில் ஓடுபாதைக்கு ஏற்ற சமநிலம் அரிது. எனினும் விமானங் கட்டும் கலையிலிருந்து கற்கத்தக்கது ஓடுபாதை இல்லாத ஊருக்கும் உரியது. றைற் சகோதரர் மிதிவண்டி திருத்தியோர். 1903இல் அவர்தம் விமானத்தை எழுப்பிய 12 குதிரைவலு இயந்திரத்தை அவர்கள் பட்டறைத் தொழிலாளி சார்ள்ஸ் ரெய்லர் ஆறு கிழமைகளிற் செய்துமுடித்தார். தேயிலைத் தொழிற்சாலைப் பொறிகளைப் பழுதுபார்க்கும் கைகள் தோட்டங்களில் உண்டு. வர்க்கமும் விகிதமும் பயிலும் மாணவர் அத்தோட்டங்களின் வீடுகளிலேயே உண்டு. தந்தையின் கையும் மைந்தனின் கணக்கும் ஒரே மேசையிற் கூடுதல் வேண்டும். அம்மேசையில் உருவாவது விமானமே ஆகவேண்டும் என்பதில்லை. நீரேற்றும் பொறியாயினும் அமையும். நிறுத்தும் அளந்தும் பிறர்க்குக் காட்டியும் செய்யப்படுவது எதுவாயினும், அது செய்தவரைத் தாங்கும்.